வீணானது யார் கணக்கில்? கடலூர் மாவட்டத்தில் அரசு, தனியார் துறைகளின் செயல்திறனும் விரயமும்

அரசு நடத்தினால் விரயம், தனியார் நடத்தினால் சிக்கனம் என்ற கருத்து 1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மைபோலப் பேசப்பட்டு வருகிறது. லாப நோக்கம் நுழைந்த இடமெல்லாம் சுரண்டல், அரசுடைமையே நீதி என்ற எதிர்க் கருத்தும் அதே உறுதியோடு சொல்லப்படுகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு நிறுவனம் யாருடையது என்று தெரிந்துவிட்டால், அது எப்படி நடக்கும் என்பதும் தெரிந்துவிடும் என்று இரு தரப்பும் நம்புகின்றன. இந்த நம்பிக்கை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். நட்டம் வந்தால் யார் தலையில் விழும், கணக்கு யார் கண்ணில் படும் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையே ஒரு நிறுவனத்தின் சிக்கனத்தையும் ஊதாரித்தனத்தையும் தீர்மானிக்கிறது. உடைமை இரண்டாம் நிலைக் காரணம் மட்டுமே.

இதைச் சோதித்துப் பார்க்க லால்பேட்டையைச் சுற்றியுள்ள நிலப்பகுதியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே, வீராணம் ஏரியின் தென்பகுதியை ஒட்டியுள்ள இந்தப் பேரூர் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் அரபிக் கல்லூரிக்கும் பெயர் பெற்றது. இங்கிருந்து வடக்கே போனால் ஏரியின் மறுமுனையில் சேத்தியாத்தோப்பு. அங்கே ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அதற்கும் அப்பால் மத்திய அரசின் நெய்வேலி நிலக்கரி நிறுவனம். கிழக்கே சிதம்பரத்தில் ஒரு தனவந்தர் நிறுவி அரசு கையகப்படுத்திய பல்கலைக்கழகம். வடமேற்கே பெண்ணாடத்தில் திவாலான தனியார் சர்க்கரை ஆலை. கடலூருக்குத் தெற்கே கடலோரத்தில் முடிக்கப்படாமல் நின்றுபோன ஒரு தனியார் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள், ஒரே மழையையும் ஒரே புயலையும் கண்டவை. ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு நெருக்கமான எடுத்துக்காட்டுகள் ஓர் ஆய்வாளருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

ஒரே ஏரி, இரண்டு குழாய்த் திட்டங்கள்

முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், அவன் மகன் இராசாதித்தனால் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் வீராணம் ஏரி சுமார் 14 கிலோமீட்டர் நீளமுடையது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் பெறுகிறது. முழு நீர்மட்டம் 47.50 அடி, அப்போது கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. ஆயக்கட்டு 44,856 ஏக்கர். இந்த நீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் எண்ணம் 1960களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. பெரும் விட்டமுள்ள கான்கிரீட் குழாய்களைச் செய்து பதிக்கும் ஒப்பந்தம் 1970ஐ ஒட்டி ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. திட்டம் முடியவில்லை. மாநில ஆட்சி 1976இல் கலைக்கப்பட்டபின் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையம் விசாரித்த விவகாரங்களில் வீராணம் ஒப்பந்தமும் ஒன்று. சாலையோரங்களில் இறக்கிப் போடப்பட்ட குழாய்கள் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடியிருந்தார்கள். அரசின் ஊதாரித்தனத்துக்கு அடையாளமாக 'வீராணம் குழாய்' தமிழ் அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஏரி, அதே சென்னை. 2003-04இல் நகரம் கடும் குடிநீர்ப் பஞ்சத்தில் தவித்தபோது புதிய வீராணம் திட்டம் நிறைவேற்றப்பட்டது. சேத்தியாத்தோப்பில் நீர் எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, எஃகுக் குழாய்களில் போரூருக்கு அனுப்பும் ஏற்பாடு. சுமார் 230 கிலோமீட்டர் தொலைவு; நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் திறன்; செலவு ஏறத்தாழ 720 கோடி ரூபாய். 2004இல் செயல்பாட்டுக்கு வந்தது, இன்றும் இயங்குகிறது. ஏரி வறண்டுபோகும் ஆண்டுகளில் தடைப்படுவதைத் தவிர, திட்டமாக அது தோற்கவில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் உடைமைவாதம் நிற்க இடமில்லை. இரண்டு முறையும் பணம் கொடுத்தது அரசு. இரண்டு முறையும் குழாய் பதித்தது தனியார். முதலாவதை 'அரசு விரயம்' என்று எழுதுவோமானால், இரண்டாவதை 'அரசுத் திறன்' என்று எழுத வேண்டும். முதலாவதில் ஒப்பந்ததாரரைக் குற்றவாளியாக்கினால், இரண்டாவதில் ஒப்பந்ததாரர்களைப் பாராட்ட வேண்டும். எதுவும் பொருந்தவில்லை, ஏனெனில் மாறியது உடைமை அல்ல. தொழில்நுட்பம் மாறியது. முதல் திட்டம் நம்மிடம் போதிய அனுபவமில்லாத பெருங்குழாய் உற்பத்தியை நம்பியது. இரண்டாவது, சந்தையில் நிலைபெற்றுவிட்ட எஃகுக் குழாயை. அவசரம் மாறியது. 2003இன் சென்னையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற மக்கள், நாள் தவறினால் பொறுக்கமாட்டாத மேற்பார்வையாளர்களாக இருந்தார்கள். முதல் திட்டம் தாமதமானபோது அந்தத் தாமதத்தின் வலியை உடனே உணர்ந்து கேள்வி கேட்க யாரும் இல்லை. ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் இடையே பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: பெருவிரயம் அரசுக்குள்ளும் தனியாருக்குள்ளும் நடப்பதைவிட, இரண்டும் சந்திக்கும் ஒப்பந்தக் கோட்டில் அதிகமாக நடக்கிறது. அந்தக் கோட்டின் இரு பக்கமும் நிற்பவர்கள் நட்டத்தை மறுபக்கத்துக்குத் தள்ள முடிகிறவரை சிக்கனமாக இருக்க யாருக்கும் காரணமில்லை.

எதை விரயம் என்கிறோம்

மேலும் போகுமுன் அளவுகோலைப் பற்றி ஒரு சொல். வீராணத்தின் மதகுகளையும் கரையையும் பார்த்துக்கொள்ள லஸ்கர்களும் கரைக்காவலர்களும் நியமிக்கப்படுவது பொதுப்பணித்துறையின் பழைய நடைமுறை. ஆண்டின் பெரும்பகுதியில் இவர்களுக்குப் பெரிய வேலை இல்லை என்று தோன்றும். மேலாண்மை ஆலோசகர் ஒருவர் வந்து மணிக்கணக்கில் அளந்தால், 'உபரி ஊழியர்' என்று எழுதிவிட்டுப் போவார். கார்த்திகையில் அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் கொட்டும் மழை செங்கால் ஓடையிலும் கருவாட்டு ஓடையிலும் திரண்டு ஏரிக்குள் பாயும் இரவில்தான் அந்த ஆட்களின் தேவை தெரியும். எந்த மதகை எவ்வளவு தூக்குவது, கரையில் எங்கே கசிவு, வெள்ளியங்கால் ஓடையில் எவ்வளவு விடலாம் என்பதெல்லாம் ஓர் இரவில் கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல.

பொருளியலில் ஹார்வி லீபன்ஸ்டைன் 1966இல் ஒரு கேள்வியை எழுப்பினார். ஒரே இயந்திரம், ஒரே மூலப்பொருள், ஒரே எண்ணிக்கைத் தொழிலாளர் இருந்தும் ஒரு நிறுவனம் நிறைய உற்பத்தி செய்கிறது, மற்றொன்று குறைவாகச் செய்கிறது, ஏன்? ஊக்கமும் நெருக்கடியும் இல்லாத இடத்தில் உழைப்பு தளர்கிறது என்பது அவர் விடை. அரசு அலுவலகங்களைப் பற்றி நாம் சொல்லும் குறைகளில் பெரும்பகுதி இதில் அடங்கும். அதை மறுக்க நான் வரவில்லை. கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் கோப்புகளும், பழுதுபார்க்கப்படாமல் துருப்பிடிக்கும் மதகுத் திருகுகளும் உண்மையான விரயம். ஆனால் தளர்ச்சியும் கையிருப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தீயணைப்பு வண்டி ஓடாத நாளை விரயம் என்று யாரும் எழுதுவதில்லை. கரைக்காவலர் நடக்காத நாளை மட்டும் எழுதுகிறோம். பேருந்துக்கும் இதே நிலைதான். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் முதன்மைச் சாலையில் ஓடும் தனியார் வண்டியின் வசூலையும், கொள்ளிடக் கரைச் சிற்றூருக்கு இரவில் கடைசி நடை போகும் அரசு நகரப் பேருந்தின் வசூலையும் ஒப்பிட்டுச் செயல்திறன் பேசுவது கணக்கியலுக்கே செய்யும் அநீதி.

மறுபுறம், கணக்கில் ஏறாத விரயமும் உண்டு. சென்னைக் குடிநீருக்காக ஏரியை முழுமட்டத்தில் வைத்திருக்க வேண்டியுள்ளது. நிரம்பிய ஏரிக்குப் பெருமழை வந்தால் உபரி நீரை உடனே வெளியேற்றியாக வேண்டும். லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடையில் திறக்கப்படும் அந்த நீர் திருநாரையூர், சிறகிழந்தநல்லூர் பகுதி வயல்களை மூழ்கடிக்கிறது. சென்னை குடிநீர் வாரியத்தின் ஏட்டில் வீராணம் ஒரு திறமையான திட்டம். நாளுக்கு 18 கோடி லிட்டர் என்பது ஏரியிலிருந்து ஏறத்தாழ 6.4 மில்லியன் கனஅடி, முழுக் கொள்ளளவில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அழுகிய சம்பா நாற்றின் விலை அந்த ஏட்டில் இல்லை. வெள்ள நிவாரணமாக வருவாய்த்துறையின் வேறு ஏட்டில், வேறு ஆண்டில், ஒரு பகுதி மட்டும் ஏறுகிறது. மிச்சம் உழவனின் கடன் புத்தகத்தில் ஏறுகிறது. செயல்திறன் என்ற சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் யாருடைய ஏட்டில் என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிதம்பரத்தின் பாடம்

தனியார் நிர்வாகம் தேவைக்கு மேல் ஒருவரையும் வேலைக்கு வைக்காது என்பது பாடநூல் நம்பிக்கை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு அதற்கு நேர்மாறானது. 1920இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையில், 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் இப்பல்கலைக்கழகம் உருவானது. சட்டத்தால் நிறுவப்பட்டதாயினும் நிறுவனர் குடும்பத்தின் கையிலேயே நிர்வாகம் இருந்தது. இணைவேந்தர் பதவி பரம்பரையாக வந்தது. அரசின் மானியமும் கிடைத்தது. தமிழிசைக்கும் தமிழாய்வுக்கும் அது செய்த தொண்டு பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 2012இன் இறுதியில் ஊதியம் கொடுக்க முடியாத நெருக்கடி வெளிப்பட்டது. ஊதியக் குறைப்பும் ஆட்குறைப்பும் முன்மொழியப்பட்டு, ஆசிரியரும் ஊழியரும் போராட்டத்தில் இறங்கினர். 2013 ஏப்ரலில் அரசு ஓர் இந்திய ஆட்சிப்பணி அதிகாரியை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டு புதிய சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அப்போது பணியிலிருந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். தேவையை வெகுவாக மிஞ்சிய எண்ணிக்கை அது. பிறகு ஆசிரியர்களில் பலர் தமிழகம் முழுவதும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கும், அலுவலர்களில் பலர் வெவ்வேறு அரசுத் துறைகளுக்கும் பணிநிரவல் செய்யப்பட்டார்கள்.

இந்த வீக்கம் எப்படி வந்தது? தொலைதூரக் கல்விக் கட்டணம் வெள்ளமாய் வந்த ஆண்டுகளில் செலவுக்குக் கடிவாளம் தேவைப்படவில்லை. நியமனம் செய்தவர்களுக்கு அதனால் நட்டமில்லை. ஒவ்வொரு நியமனமும் செல்வாக்கையும் நன்றியையும் கொண்டுவந்தது. கணக்கைச் சட்டமன்றம் பார்க்கவில்லை. பங்குச்சந்தையும் பார்க்கவில்லை. அரசு அலுவலகத்தின் நோய் என்று நாம் சொல்வதெல்லாம் தனியார் நிர்வாகத்தில் முற்றிய வடிவில் இருந்தது. கையகப்படுத்தலின் செலவை ஏற்றது அரசுக் கருவூலம். தொலைவூர்களுக்கு மாற்றப்பட்டுக் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த ஊழியர்களும் அதன் ஒரு பகுதியைச் செலுத்தினார்கள். அங்கிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அரசின் பொறுப்புக்கு வந்த பிறகும் பழைய உயர் கட்டணமே தொடர்ந்ததை எதிர்த்து மாணவர்கள் நெடுநாள் போராடி, 2021இல்தான் அது சுகாதாரத் துறையின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியது. தனியார் நிர்வாகத்தின் பழுதை அரசு உடனே நேராக்கிவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் சோசலிச நாடுகளின் ஆலைகளை ஆராய்ந்து, 1980ஐ ஒட்டி வெளியிட்ட கருத்து இந்த இடத்தில் உதவுகிறது. நட்டம் வந்தால் அரசு கைதூக்கிவிடும் என்று ஒரு நிர்வாகிக்குத் தெரிந்துவிட்டால், அவருடைய வரவுசெலவு வரம்பு இளகிவிடுகிறது. இளகிய வரம்புக்குள் சிக்கனம் வளராது என்றார். அவர் அதை அரசு ஆலைகளைப் பற்றிச் சொன்னார். நம் மாவட்டத்தில் அது தனியாருக்கும் அப்படியே பொருந்துகிறது. மூழ்கவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கை அரசு நிறுவனத்தின் தனிச்சொத்து அல்ல. பெரிய தனியார் நிறுவனம், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு, ஒரு தொகுதியின் வாக்கு ஆகியவை ஒன்றுசேரும் இடமெல்லாம் அந்த நம்பிக்கை முளைக்கிறது.

கரும்பும் எண்ணெயும்

சர்க்கரை ஆலைகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் ஆலை 1842 முதல் இயங்குகிறது. தனியார் நிர்வாகம் தலைமுறைகள் கடந்தும் திறமையாக நடக்க முடியும் என்பதற்கு அது சான்று. சேத்தியாத்தோப்புக் கூட்டுறவு ஆலை, மாநிலத்தின் மற்றக் கூட்டுறவு ஆலைகளைப் போலவே, அரசின் வழிவகைக் கடனை நம்பிக் காலம் தள்ள வேண்டிய நிலையைக் கண்டது. இதோடு நிறுத்திக்கொண்டால் உடைமைவாதிகள் வென்றுவிடுவார்கள். ஆனால் பெண்ணாடத்து அம்பிகா ஆலையும், ஏ.சித்தூரில் இருந்த திரு ஆரூரான் ஆலையும் தனியாருடையவையே. கரும்புப் பண நிலுவையை வைத்துவிட்டு அவை முடங்கின. விவசாயிகளின் பெயரிலேயே வங்கிக் கடன் வாங்கப்பட்டது என்ற புகார் எழுந்தது. தாங்கள் வாங்காத கடனுக்கு நோட்டீஸ் வந்தது என்று உழவர்கள் முறையிட்டார்கள். இரண்டையும் நடத்திய குழுமம் திவால் தீர்வு நடைமுறைக்குள் சென்று, ஆலைகள் கைமாறின. அதே குழுமத்தின் திருமண்டங்குடி ஆலை முன்பு 2022 நவம்பரில் உழவர்கள் தொடங்கிய போராட்டம் ஓராண்டைத் தாண்டி நீடித்தது.

இங்கே ஒரு சட்ட விவரம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை ஒவ்வோர் ஆலைக்கும் கரும்புப் பகுதியை ஒதுக்குகிறது. பதிவு செய்த கரும்பை உழவர் தமக்குப் பிடித்த ஆலைக்குக் கொண்டுபோக முடியாது. வெட்டு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். உத்தரவு தாமதமானால் கரும்பு காய்ந்து எடை குறையும், சர்க்கரைக் கட்டுமானம் இறங்கும். அந்த இழப்பு உழவரின் இழப்பு. சப்ளை செய்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் 15 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. ஒதுக்கீட்டுப் பகுதி என்ற உரிமை இம்மி பிசகாமல் அமல்படுத்தப்படுகிறது. 14 நாள் என்ற கடமை ஏட்டோடு நிற்கிறது. இப்படி வாங்குபவர் ஒருவரே என்று சட்டம் ஆக்கிவைத்த இடத்தில் தனியார் ஆலையைச் 'சந்தைப் போட்டி' செம்மைப்படுத்தும் என்று எதிர்பார்ப்பது எப்படி? உழவர் தரும் வட்டியில்லாக் கடனில் ஆலை நடக்கும்போது நிர்வாகத்தின் தவறுகள் கணக்கில் தெரியவே தெரியாது. தெரியும்போது ஆலை மூடியிருக்கும்.

கடலூருக்குத் தெற்கே கடலோரத்தில் நாகார்ஜுனா எண்ணெய் நிறுவனம் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்டுக்கு 60 லட்சம் டன் திறன் திட்டமிடப்பட்டது. ஜெர்மனியில் பயன்படுத்தப்பட்ட பழைய இயந்திரத் தொகுதிகள் கொண்டுவரப்பட்டன. மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் பங்காளி. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வங்கிக் கடன் இறங்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கியபோது பணிகள் நின்றன, மீளவில்லை. 2018இல் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவானது. ஒரு துளி எண்ணெயும் சுத்திகரிக்கப்படாத அந்த வளாகத்திலிருந்து இரும்பு திருடப்படும் செய்திகள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. வீராணம் குழாய்களைப் பற்றி மூன்று தலைமுறைக்குத் தெரியும். இந்த ஆலையைப் பற்றிக் கடலூரைத் தாண்டி எத்தனை பேருக்குத் தெரியும்? அதில் முடங்கியதில் பெரும்பகுதி வங்கி வைப்பாளர்களின் பணமே. ஆனாலும் இதற்கு ஆணையம் இல்லை, மேடைப் பேச்சில் ஒரு சொல்லாகவும் அது நிற்கவில்லை. அரசின் விரயம் அதிகமாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், அதைப் பார்க்க நமக்கு ஏற்பாடு இருக்கிறது என்பதே. அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைத் தந்திருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமகன் கையில் ஒரு விண்ணப்பத்தைத் தந்திருக்கிறது. தனியாரின் விரயம் திவால் தீர்ப்பாயத்தின் கோப்பில் 'கடன்கொடுத்தோரின் இழப்பு' என்ற ஒற்றை வரியாக அடங்கிவிடுகிறது.

நெய்வேலி

பொதுத்துறைக்கு ஆதரவாகப் பேசுவோர் கடைசியில் நெய்வேலிக்கு வருவார்கள், அதற்கு நியாயமும் உண்டு. 1956இல் தொடங்கிய நிறுவனம். 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 1962 முதல் 2020 வரை ஓடியது. எதிர்பார்த்த ஆயுளைத் தாண்டி ஓர் இயந்திரத்தை ஓட்டுவது பொறியாளர்களின் திறமைக்குச் சான்று. பழைய கொதிகலன் அதே மின்சாரத்துக்கு அதிகப் பழுப்பு நிலக்கரியை எரித்தது என்பதும் உண்மை. எது சிக்கனம், எது விரயம் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. 2013இல் மத்திய அரசு இந்நிறுவனத்தின் பங்குகளைச் சந்தையில் விற்க முற்பட்டபோது, தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டன. பெரும் போராட்டங்களுக்குப் பின் கிடைத்த தீர்வு அது. சுரங்கத்தின் உள்ளே அதனால் ஒரு டன் மண்ணின் செலவும் மாறவில்லை.

நெய்வேலிக்கு அருகிலேயே, ஊத்தங்காலில், 250 மெகாவாட் தனியார் மின்நிலையம் 2002 முதல் இயங்குகிறது. எரிபொருள் வாங்குவது நெய்வேலி நிறுவனத்திடம். மின்சாரத்தை விற்பது நீண்டகால ஒப்பந்தப்படி மாநில மின்வாரியத்துக்கு. விற்பவரும் ஒருவர், வாங்குபவரும் ஒருவர், இருவரும் அரசு நிறுவனங்கள். நடுவில் இருக்கும் தனியார் உடைமையை வைத்துத் தனியார் துறையின் திறனை அளக்க எதுவுமில்லை. ஒப்பந்தத்தில் நிலைக்கட்டணம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அளக்கலாம்.

அதே வேளை, பொதுத்துறை என்பதால் விரயத்துக்கு மன்னிப்பு கிடையாது. 2020இல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பராமரிப்பில் மிச்சம் பிடித்த காசு எங்கே போய் முடிகிறது என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும். 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, நெய்வேலி நிறுவனத்தின் மண்வாரி இயந்திரங்கள் பயிர் நின்ற நெல்வயலுக்குள் இறக்கப்பட்டன. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது; நிறுவனம் பயன்படுத்தாமல் வைத்திருந்ததால் உழவர்கள் தொடர்ந்து பயிரிட்டு வந்தார்கள். சட்டப்படி நிலம் நிறுவனத்துடையதுதான். ஆனாலும் அறுவடை வரை பொறுத்திருக்கலாமே என்று நாடே கேட்டது. உயர் நீதிமன்றத்திலும் அந்த வேதனை ஒலித்தது. பத்தாண்டு காத்திருந்த ஒரு நிறுவனம் இரண்டு மாதம் காத்திருக்க முடியாமல் உணவை மண்ணோடு புரட்டியதை எந்தச் செயல்திறன் குறியீட்டில் எழுதுவது? இலாபக் கணக்கு தணிக்கையாளருக்குப் போகும். அந்தப் பயிரின் கணக்கு போகாது.

முன்வைக்கும் தீர்வு

எனவே தனியார்மயமா, அரசுமயமா என்ற விவாதத்தில் செலவிடும் ஆற்றலை நட்டத்தையும் வெளிச்சத்தையும் பங்கிடும் விதிகளை நோக்கித் திருப்ப வேண்டும் என்று வாதிடுகிறேன். பொது வளத்தையோ சட்டப்படியான ஏகபோகத்தையோ பெற்ற எந்த நிறுவனமும், அது யாருடையதாக இருந்தாலும், பொதுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. அலைக்கற்றை மக்களின் வளம், எனவே தனியார் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாய்க் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அலைக்கற்றைக்குப் பொருந்தும் தர்க்கம் ஒதுக்கீட்டுக் கரும்புக்கும், ஏரி நீருக்கும், நிலைக்கட்டண ஒப்பந்தத்துக்கும் ஏன் பொருந்தக்கூடாது? தணிக்கை பெருகினால் முடிவெடுக்க அஞ்சுவார்கள், வேலை நடக்காது என்ற எதிர்வாதம் உண்டு. அரசுத் துறைகளில் அது ஓரளவு உண்மைதான். ஆனால் இரண்டு வீராணத் திட்டங்களில் வேலை நடந்தது எதில் என்று பாருங்கள்: மக்களின் பார்வை கடுமையாக இருந்த காலத்துத் திட்டத்தில்தான்.

ஆலைவாரியாகக் கரும்பு நிலுவை, அது எத்தனை நாளாக நிற்கிறது, வட்டி கொடுக்கப்பட்டதா என்பதை ஒதுக்கீட்டுப் பகுதியின் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் மாதந்தோறும் ஒட்ட மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும், பெரிய செலவில்லை. 14 நாள் கடந்த ஆலையின் பகுதி உழவர்கள் வேறு ஆலைக்குப் போகலாம் என்ற விதி சேர்ந்தால், ஏகபோகம் கடமையோடு கட்டப்படும். வங்கிகள் உழவர் பெயரில் ஆலை வழியாகக் கடன் தரும்போது உழவரை நேரில் கண்டு கையொப்பம் பெறுவது கட்டாயமாக வேண்டும்.

இந்த இதழைப் படிக்கும் பொருளியல், நீரியல் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீராணத்து நீர் போரூர் சென்றுசேரும்போது ஒரு கிலோலிட்டருக்கு என்ன செலவாகிறது என்று கணக்கிடும்போது, வெள்ளியங்கால் ஓடை திறக்கப்பட்ட ஆண்டுகளில் திருநாரையூரிலும் சிறகிழந்தநல்லூரிலும் போன பயிரின் மதிப்பையும் அதில் சேருங்கள். காட்டுமன்னார்கோயில் வட்டத்தின் வருவாய்ப் பதிவேடுகளிலிருந்து அந்தப் பணியைத் தொடங்கலாம்.